மேட்டர் இல்லாத போஸ்டர்

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. பெரியப்பா இறந்த மறுநாள் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கப் பூந்தமல்லியை ஒட்டிய கரையான்சாவடிக்குப் போனேன். மெயின் ரோட்டில் மருந்துக்கடைக்கும் பழைய டயர் கடைக்கும் நடுவே ஒற்றை ஷட்டர் அகலத்தில் ஒரு டிசைனிங் கடை. கம்ப்யூட்டரில் பெரியப்பாவின் படத்தை ஏற்றிவிட்டு, காதில் வளர்ந்திருக்கிற முடியை அழிக்கவா, அப்படியே விடவா என்று அந்த அம்மா என்னைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கரன்ட் போனது. இன்வெர்ட்டர் ஐந்து நிமிடம் தாங்கிவிட்டு அதுவும் படுத்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் புழுக்கத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சாவு வீட்டுக்காரனிடம் எதைச் சொன்னாலும் வெளியே போகாது என்று நினைத்தாரோ என்னவோ, சொல்ல ஆரம்பித்தார்.

நான் கதை எழுதுகிறவன் என்று பிறகுதான் சொன்னேன். கோபப்படவில்லை. களைப்பாகச் சிரித்தார்.

"பேரை மட்டும் மாத்திடுங்க சார்."

"என்ன பேர் வைக்கட்டும்?"

"ஹெலினான்னு வைங்க. ஸ்கூல்ல என்கூடப் படிச்சா. ரொம்ப அழகா இருப்பா."

ஆகவே, ஹெலினா.*

* கதைக்குள் வந்துவிட்டதால் இனி 'அவள்'. கடைக்குப் போனால் இன்றைக்கும் 'அவர்'தான்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதிக் கைவிட்டவற்றை மறைக்கப் போவதில்லை.

முதலாவது: "இருநூறு வருடங்களுக்கு முன் லண்டனில் ஒரு ராஜாவும் ராணியும் ஊர் பார்க்கச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அச்சுக்கடைக்காரர்கள் அதைக் கேலிப்படங்களாக அடித்துக் கடைக் கண்ணாடியில் தொங்கவிட, ஜனங்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்று சிரித்தார்கள். சில படங்கள் வெளிவராமல் இருக்க ராஜா பணம் கொடுத்தாராம். ராணி அந்தக் கடைப் பக்கம் எப்போதாவது—"

(இதை ஹெலினாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். வாய்ஸ் மெசேஜ் வந்தது. "இது எதுக்கு சார்? நம்மளுது பூந்தமல்லியில நடக்குது." கோடு போட்டு அடித்துவிட்டேன். ஆனால் அந்தப் படங்களைப் புத்தகத்தில் பார்த்தபோது ஒன்று உறைத்தது. ராஜாவைத் தொப்பையோடு வரைந்திருந்தார்கள். ராணியை அதைவிடக் கேவலமாக வரைந்திருந்தார்கள். இது மட்டும் இங்கே இருக்கட்டும்.)

இரண்டாவது: "கரையான்சாவடியின் மேல் வெயில்"

(வெயிலில் தொடங்கிய கதை என்னிடமே பத்துக்கு மேல் இருக்கிறது. அலுத்துவிட்டது.)

மூன்றாவது இதுதான். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

ஹெலினாவுக்கு நாற்பத்து மூன்று வயது. வீடு ஆவடியில், தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்பில். கணவர் இக்னேஷியஸ் அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டர். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே ஊன்றிவிட்டவர். அவள் தினமும் ஸ்கூட்டியில் கரையான்சாவடிக்கு வந்து பதினேழு வருடமாக அந்தக் கடையை நடத்துகிறாள். காது குத்து, மஞ்சள் நீராட்டு, திறப்பு விழா, கண்ணீர் அஞ்சலி. எல்லாவற்றையும்விட அதிகம், கட்சிக்காரர்களின் பிறந்தநாள். கட்சிக்காரர் என்றால் அவர் தலையை வெட்டி எடுத்து ஒரு ராஜாவின் உடம்பில் வைக்க வேண்டும். சிம்மாசனம், கிரீடம், இரண்டு பக்கமும் சிங்கம். அந்த ராஜாவின் உடம்பு ஒன்றேதான். பல வருடமாக அவள் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. கட்சிக்குத் தகுந்தபடி அங்கவஸ்திரத்தின் நிறத்தை மட்டும் மாற்றுவாள்.

வேலை செய்யும்போது வாடிக்கையாளர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "தலைவர இன்னும் பெருசா", "என் பேரை இன்னும் கொட்டையா" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஜவுளிக்கடைக்காரர் துணியைக் கிழிப்பதுபோல, யோசிக்காமல் அவள் கை ஓடும்.

3

தங்கவேல் நகராட்சியில் முன்னாள் கவுன்சிலர். வரப்போகிற தேர்தலில் சேர்மன் நாற்காலியைக் குறிவைத்துக்கொண்டிருந்தவர். அவருடைய கல்யாணத்துக்கு இருபத்தைந்து வருடம் ஆனது. கட்சிப் பையன்கள் வெள்ளி விழா போஸ்டர் அடிக்க வந்தார்கள். தங்கவேலின் படம் நாற்பது கொண்டுவந்தார்கள். மனைவியின் படம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் மனைவியே வந்தார். பெயர் அங்கம்மா. கையில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம், பேங்க்குக்காக எடுத்தது. ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்து, "கிரீடமெல்லாம் வெப்பியாமே, மெய்யாலுமா?" என்று கேட்டார்.

ஹெலினா வைத்துக் காட்டினாள். அங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அந்தக் கன்னத்து மருவ மட்டும் எட்த்துடுமா. ராணிக்கு மரு கீதுன்னு சொல்லுவாங்க."

ஹெலினா எடுத்தாள். தோலை வெளுத்தாள், தாடையைக் கொஞ்சம் ஒட்டச் செய்தாள், நரையை அடைத்தாள். 'பூந்தமல்லியின் பேரரசும் பேரரசியும்' என்று போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு மலைக்கோயிலில் தங்கவேல், ஷர்மிளா என்கிற பெண்ணுக்குத் தாலி கட்டுகிறார். இரண்டு வருடமாகவே அந்தப் பெண் வீட்டில்தான் குடித்தனமாம். வெள்ளி விழாவுக்கு மட்டும் அங்கம்மா வீட்டுக்கு வந்து போஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வீடியோ வந்த இரண்டாம் நாள் ஸ்ரீகாந்த் கடைக்கு வந்தார். அதே கட்சி; அதே சேர்மன் நாற்காலி மேல் கண். ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார்.

"சிஸ்டர், அதே போஸ்டர். அதே சிம்மாசனம். நடுவுல ராஜா, ரெண்டு ராணி. அச்சாபீஸ் பேர் வேணாம், கீழ எவன் பேரும் வேணாம்."

"மேட்டர் என்ன சார்?" போஸ்டரில் வரும் வாசகத்துக்கு அவர்கள் தொழிலில் மேட்டர் என்று பெயர்.

"மேட்டர், படம் எல்லாம் உங்க இஷ்டம். சிரிக்கணும். அவ்ளோதான்."

உங்க இஷ்டம்.

பதினேழு வருடத்தில் அந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. ஸ்ரீகாந்த் போனதும் உட்கார்ந்தாள். பதினோரு மணிக்குத் தொடங்கினாள், தலை நிமிர்ந்தபோது நாலு. டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடந்தது. ராஜாவின் கிரீடத்தை ஒரு கண்ணை மறைக்கிற அளவுக்குச் சரியவிட்டாள். சிம்மாசனத்தைக் கால் உடைந்து கயிற்றால் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலி ஆக்கினாள். மடியில் இளைய ராணி, செல்ஃபி எடுத்தபடி. படிக்கட்டின் கீழே மூத்த ராணி. அவளுக்குத் துருத்திய பல்லை வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டினாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். கையில் துடைப்பம். அழித்த மருவைத் தேடி எடுத்து, இரண்டு மடங்காக்கி, திரும்பக் கன்னத்தில் வைத்தாள். மேலே பெரிய எழுத்தில்: 'அந்தப்புரம் ஹவுஸ்ஃபுல்.'

ஸ்ரீகாந்த் பார்த்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு.

(ஹெலினாவிடம் நான் கேட்ட கேள்வி: அந்த அம்மாவை நேரில் பார்த்திருக்கிறீர்களே, கை வந்ததா? அவள் பதில்: "கை நல்லா வந்துச்சு சார். அதான் பிரச்சனை.")

4

போஸ்டர் ஒட்டப்பட்ட அன்றைக்கு ஊர் சிரித்தது. டீக்கடை, பஸ் நிறுத்தம், நகராட்சி வாசல், எல்லா இடத்திலும். சாயங்காலம் இக்னேஷியஸ் குடியிருப்பு காம்பவுண்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சிரித்தார்.

"ஹெலி, அந்த போஸ்டரப் பாத்தியா? யாரோ கில்லாடி. அந்தக் கெழவி மூஞ்சியும் தொடப்பமும்!"

"நான்தான் பண்ணேன்."

அவர் சிரிப்பு நடுவிலேயே நின்றது. "கவர்மென்ட் வேலைடி எனக்கு" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவர் முதலில் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை அவள் மனசுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் செய்த எந்த வேலையையும் அவர் அப்படி ரசித்ததில்லை.

தங்கவேலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆட்களை விட்டு நாலு இடத்தில் கிழிக்கச் சொன்னார். மற்றபடி தலை நிமிர்ந்துதான் திரிந்தார். "ரெண்டு ராணிய மேய்க்கிறான்யா" என்று டீக்கடையில் ஆண்கள் பேசியதில் பொறாமைதான் இருந்தது. சிரிப்பெல்லாம் ராஜாவைத் தாண்டிப் போய்ப் படிக்கட்டின் கீழே விழுந்தது. அங்கம்மா காய்கறி வாங்கப் போனால் யாராவது ஒருத்தன் பெருக்குகிற மாதிரி கையை ஆட்டினான்.

எட்டாம் நாள் மத்தியானம் அங்கம்மா கடைக்கு வந்தார். வயர்கூடையிலிருந்து சுருட்டிய போஸ்டரை எடுத்து மேஜைமேல் விரித்தார். சுவரிலிருந்து உரித்தது, பின்பக்கம் பசையும் சுண்ணாம்பும் ஒட்டியிருந்தன.

"இந்த போட்டோவ நான் உன்னாண்ட மட்டும்தான் குட்த்தேன்."

ஹெலினா எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சம்பாரிக்கற எடம். எவனோ சொன்னான், நீ செஞ்ச. அத்த நான் கேக்கல. இந்தத் தொடப்பம் யாரு சொல்லி வெச்சது?"

"அவங்கதான் க்கா. ஆர்டர் குடுத்தவங்க."

(இங்கே 'அங்கம்மாவின் கண்கள் கலங்கின' என்று எழுதியிருந்தேன். ஹெலினா அழவில்லை என்றாள். சரி. உதடு துடித்தது? இல்லையாம். கை நடுங்கியது? "சார், அந்த அக்கா சும்மா நின்னாங்க. சும்மா நிக்கறத எழுத முடியாதா?" எழுதுகிறேன்.)

அங்கம்மா சும்மா நின்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு போஸ்டர் அடிக்கணும்."

"என்ன மேட்டர் க்கா?"

"மேட்டர்லாம் வேணாம். என் மூஞ்சி. கீழ என் பேரு. அவ்ளோதான். இதே சைசு, இதே செவுரு. எங்கெங்க இத்த ஒட்டுனாங்களோ அங்கெல்லாம்."

"மூஞ்சி மட்டுமா?"

"ஊரு மொத்தம் என்னியத் தொடப்பத்தோட பாத்துச்சு இல்ல? ஒரு தபா ஒழுங்கா பாக்கட்டும். மருவ அப்டியே உடு. நரைய உடு. ஒண்ணும் கை வெக்காத."

காசு வேண்டாம் என்றாள் ஹெலினா. ஓசியில் வேண்டாம் என்றார் அங்கம்மா. தன்னிடம் இருப்பதற்கு எது வருமோ அது போதும் என்றார். வந்தது கறுப்பு ஒரு கலர் மட்டும். வெள்ளைத் தாளில் கறுப்பில் ஒரு முகம், அடியில் ஒரு பெயர். திரையில் அது வந்து நின்றதும் ஹெலினாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. வாரத்துக்கு ஏழெட்டு அஞ்சலி போஸ்டர் செய்கிறவளுக்குத் தெரியாதா?

"அக்கா, மேட்டர் இல்லாம ஒட்டினா ஜனங்க அஞ்சலின்னு நெனச்சுக்குவாங்க."

அங்கம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் முகத்தை அவ்வளவு பெரிதாக, அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்.

"நல்லாத்தான் கீது" என்றார்.

ஹெலினா ஒரு முறை சொன்னாள். இரண்டாவது முறை சொல்லவில்லை.

5

வியாழக்கிழமை விடிந்தபோது, கரையான்சாவடியிலிருந்து பூந்தமல்லி பஸ் நிலையம் வரைக்கும் 'அந்தப்புரம் ஹவுஸ்ஃபுல்'லின் மேலேயே அங்கம்மா ஒட்டப்பட்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு ஹெலினா ஷட்டரைத் தூக்கும்போது மருந்துக்கடைக்காரர் செல்போனை நீட்டினார். தங்கவேலின் வாட்ஸப் ஸ்டேட்டஸ். கறுப்பு பார்டர். 'என் இல்லத்தின் விளக்கு அணைந்ததே! மீளாத் துயரில் உங்கள் தங்கவேல்.' கைகூப்பி நிற்கிற தங்கவேல் முக்கால் திரைக்கு இருந்தார். மூலையில் தபால் தலை அளவில் அங்கம்மா, தலையில் கிரீடத்தோடு. அவரிடம் மனைவியின் வேறு படம் இல்லை. வெள்ளி விழா போஸ்டரிலிருந்து வெட்டியிருக்கிறார்.

யாரோ சுவரைப் பார்த்துவிட்டுத் தங்கவேலுக்கு போன் போட்டிருக்கிறார்கள். ஸ்ரீகாந்த் முந்திக்கொண்டு மாலை வைத்துவிடுவாரோ என்கிற பயம் அவருக்கு. வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்கத் தோன்றவில்லை.

ஹெலினா ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். வழியெல்லாம் சுவரில் அங்கம்மா அவளைப் பார்த்துக்கொண்டே வந்தார். தப்பு, தப்பு என்று வாய் முணுமுணுத்தது. எது தப்பு என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

அங்கம்மாவின் வீடு மாடியில். கீழே சந்தில் பந்தல்காரன் கழியை ஊன்றிக்கொண்டிருந்தான். மேளக்காரர்கள் வந்து தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்டியிருந்தார்கள். இருபது முப்பது பேர் வெள்ளைச் சட்டையில். அந்த நேரம் மாடிப்படியில் துவைத்த துணி வாளியோடு அங்கம்மா இறங்கி வந்தார்.

"இன்னாபா இது? யாரு ஊட்டு சாவு?"

வட்டப் பொறுப்பாளர் ஒருத்தர் கையில் மாலையோடு நின்றவர், "அண்ணி…" என்றார். "நீங்க… நீங்கதான் அண்ணி…"

மேளக்காரர்களில் ஒருவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பந்தல்காரன். சந்து முழுக்கச் செல்போன்கள் உயர்ந்தன. சரியாக அப்போதுதான் தங்கவேலின் வெள்ளைக் கார் திரும்பியது. டிக்கியில் ஆளுயர ரோஜா மாலை. கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கியவர் வாளியோடு நிற்கிற மனைவியைப் பார்த்தார்.

இந்த இடத்தில் அங்கம்மா என்ன சொன்னார்?

நான் எழுதிப் பார்த்தவை: "நான் சாவல. நீதான் எனக்குச் செத்துட்ட." (சீரியல்.) "மாலைய சின்ன ராணிக்குப் போடு." (கைதட்டல் வாங்கும். ஆனால் இது என் வாய், அவர் வாய் இல்லை.) வாளித் தண்ணீரை அவர் மேல் ஊற்றுவது. (வாளியில் தண்ணீரே கிடையாது, பிழிந்த துணி.)

ஹெலினா கூட்டத்தின் ஓரத்தில் நின்று தன் காதால் கேட்டது இது. அங்கம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். இருபத்தைந்து வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"சாப்ட்டியா?"

தங்கவேலும் பழக்கத்தில், கண்ணீர்க் குரலிலேயே, "இன்னும் இல்ல" என்றார்.

சந்து வெடித்தது. ஹெலினாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அங்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே திகைத்துப்போன மாதிரி நின்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, பந்தல் கழியில் ஒவ்வொரு துணியாகக் காயப்போட ஆரம்பித்தார்.

6

சந்தில் எடுத்த அந்த வீடியோ தங்கவேலை முடித்தது. இரண்டு ராணி வைத்திருப்பதை மன்னித்த ஊர், பெண்டாட்டி உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாதவனை மன்னிக்கவில்லை. அல்லது மன்னிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். மேலிடத்தில் அந்த வீடியோவைப் பார்த்து யாரோ சிரித்திருப்பார்கள், அவ்வளவுதான். சீட் ஸ்ரீகாந்துக்குப் போனது. அவருக்கு வாழ்த்து போஸ்டர் செய்ததும் ஹெலினாதான். சிம்மாசனம் அதேதான். தலையை மட்டும் மாற்றினாள்.

அங்கம்மா எல்லாவற்றையும் திட்டம் போட்டுச் செய்தாரா?

எனக்கு அப்படி இருந்தால் வசதி. படிக்கிற உங்களுக்கும் பிடிக்கும். அவமானப்பட்ட ஒருத்தி, ஒரு வார்த்தைகூட அச்சடிக்காமல், ஒரு அரசியல்வாதியைக் கவிழ்த்துவிட்டாள். எழுதியும் பார்த்தேன், ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது அவர் உதட்டோரம் மெல்லிய சிரிப்பு ஒன்று—

ஹெலினா ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க மூஞ்சிய நாலு பேர் ஒழுங்கா பாக்கணும்னு வந்தாங்க சார். வேற ஒண்ணும் இல்ல. அதுகூட நடக்கல. செத்துட்டாங்கன்னுதான பாத்தாங்க?"

"அப்படியென்றால் திட்டம் போட்டது நீங்களா? இரண்டாவது முறை சொல்லாமல் விட்டீர்களே."

அவள் கீபோர்டிலிருந்த தூசியை ஊதினாள். "தெரியல சார். அன்னிக்கு டயர்டா இருந்துச்சு" என்றாள்.

நானும் களைத்திருக்கிறேன். இந்த வரியைத் தாண்டி அவளை நோண்ட எனக்குத் தெம்பில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது. கேலிப்படம் அடித்த கை அவளுடையது. அதையே கதையாக்கி, பெயரை மாற்றிவிட்டோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, அந்த அம்மாவை இன்னொரு தடவை சுவரில் ஏற்றுகிற கை என்னுடையது. மருவை நானும்தான் விடவில்லை. மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன், எண்ணிப் பார்த்தேன்.

ஆகவே இதுவரை எழுதியதை அச்செடுத்து ஹெலினாவிடம் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் காட்டுங்கள், வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்றேன். ஹெலினா தாள்களை வாங்கிப் பையில் வைத்தாள். துடைப்பம் விஷயத்தில் சொன்ன பொய்யை வாயால் சரிசெய்ய அவளுக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. தாளில் இருக்கிறதே, படித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாளாம்.

7

ஆர்டர் எழுதும் நோட்டில் அங்கம்மாவின் நம்பர் இருந்தது. சாவு மேளம் வந்த அந்த வாரமே அவர் கரையான்சாவடி வீட்டைக் காலி செய்துவிட்டிருந்தார். போனில், "வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு வா" என்றார். "அங்க கீறேன்னு நெனச்சிக்காத. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு எடம், அவ்ளோதான்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹெலினா போனாள். சர்ச்சுக்குப் போகாமல் போனாள். நடைமேடைக் கடைசி பெஞ்சில் அங்கம்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். புடவையில் யாரும் உற்றுப் பார்க்காத ஒரு சாம்பல் நிறம்.

தாள்களைக் கொடுத்தாள். அங்கம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டி, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்தார். மூன்று ட்ரெயின் வந்து போனது. துடைப்பம் வருகிற பக்கத்தில் விரல் நின்றது.

"நீதான் வெச்சன்னு அன்னிக்கே தெரியும்" என்றார் அங்கம்மா, தலையைத் தூக்காமல். "அவனுங்களுக்கு அவ்ளோ மூள கெடயாது."

"மன்னிச்சிருங்க க்கா."

"நானே சிரிச்சேன் தெரியுமா? பஸ்ல போய்கினு இருந்தேன். செவுத்துல பாத்தேன். யாருடா இவ, பல்லும் தொடப்பமுமா கீறான்னு சிரிச்சிட்டேன். பஸ்ஸு கெளம்பி நாலு கடை தாண்டிச்சு. அப்பதான் மரு ஞாபகம் வந்துச்சு."

ஹெலினா அழுதாள். அங்கம்மா அவளைச் சமாதானப்படுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. முடிந்ததும் "சரி" என்றார். என்ன சரி என்று ஹெலினாவுக்கு இன்றைக்கும் தெரியாது. மன்னித்த சரியா, போதும் நிறுத்து என்கிற சரியா.

"கதையில கடைசியா என்னிய இன்னா பண்ண வெக்கிறாரு உங்க சாரு?"

"இன்னும் எழுதல க்கா. மூணு முடிவு வெச்சிருக்கார்."

"சொல்லு."

"ஒண்ணுல அவர் திரும்பி வந்து மன்னிப்புக் கேக்கறார். நீங்க கதவச் சாத்தறீங்க."

"சாத்தறதுக்கு அவன் வரணும் இல்ல?"

"இன்னொண்ணுல நீங்களே எலெக்ஷன்ல நிக்கறீங்க. ஜெயிக்கறீங்க."

"அப்பறம்? எனக்கும் கிரீடம் வெப்பியா நீ?"

ஹெலினாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "மூணாவது… நாம ரெண்டு பேரும் சிநேகிதம் ஆயிடறோம். ஒண்ணா ஒக்காந்து டீ குடிக்கறோம்."

அங்கம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தாள்களை மடியில் தட்டி அடுக்கினார்.

"டீ வேணா குடிக்கலாம்" என்றார். "அத்த எழுத வேணாம்."

குடித்தார்கள். அதை எழுதவில்லை.

"இத்த போட்டுக்கச் சொல்லு" என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "யார் படிப்பாங்க? போஸ்டர் பாத்த அளவுக்கு ஆள் இருக்காது. ஆனா இதோட நிறுத்தச் சொல்லு. இதுவரிக்கும் நடந்தது ஊரே பாத்துச்சு, எழுதிக்கட்டும். இனிமே நடக்கறது என்னுது."

இரண்டு பக்கமும் ட்ரெயின் வந்து நின்றது. அங்கம்மா எழுந்து போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை இதையெல்லாம் ஹெலினா கடையில் வைத்துச் சொன்னார். நான் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டேன்.

"எந்த ட்ரெயின்ல ஏறினாங்க? ஆவடிப் பக்கமா, திருவள்ளூர்ப் பக்கமா?"

"பாத்தேன் சார்."

"எந்தப் பக்கம்?"

"பாத்தேன்னுதான் சொன்னேன். சொல்றேன்னு சொல்லல."

கதைக்கு அது தேவை என்றேன். பெயர் மாற்றித்தானே எழுதுகிறேன், ஊரையும் மாற்றிவிடுகிறேன் என்றேன். இல்லாவிட்டால் கதை அந்தரத்தில் நிற்கும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டு, யாருடைய பிறந்தநாளுக்கோ ஒரு முகத்தை வெட்டி எடுக்க ஆரம்பித்தார்.

என்னிடம் அதனால் முடிவு இல்லை. நீங்கள் அந்த நடைமேடையில் நின்றிருக்கலாம். அந்த இரண்டு ட்ரெயின்களில் ஒன்றில் உட்கார்ந்திருக்கவும் கூடும். கன்னத்தில் மரு உள்ள ஒரு பெண்மணி உங்கள் எதிர் சீட்டில் வந்து அமர்ந்து, எங்கேயோ ஒரு ஸ்டேஷனில் இறங்கிப் போயிருக்கலாம். எந்த ஸ்டேஷன் என்று ஞாபகம் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதாதீர்கள்.